மாப்பிள்ளை விவரம் தரப்படாது

தும்பைக்குறிச்சியில் புத்திசாலிகளுக்குக் குறைவே கிடையாது. இதை நான் சொல்லவில்லை. ‘இடிமுரசு ஒலி ஒளி அமைப்பகம்’ ஆட்களே சொல்லிக்கொள்வார்கள். மொத்தம் நாலு பேர். எந்த விஷயமானாலும் நாலு பேரும் கூடி உட்கார்ந்துதான் யோசிப்பார்கள். தனித்தனியாக யோசித்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் அனுபவம்.

முதலாளி வைரமணி அண்ணாச்சி. ஒயர் இழுப்பது சங்கிலிபூதம். சீரியல் பல்பு கட்டுவது பேச்சிமுத்து. மைக்கைத் தட்டி “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” சொல்வது நம்பிராசன். நல்ல குரல், நல்ல மனசு, முப்பத்தாறு வயசு. கல்யாணம்தான் ஆகவில்லை. ஊரில் நடக்கிற அத்தனை கல்யாணத்துக்கும் அவன்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவான். கட்டி முடித்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் பாயாசம் தொண்டையை விட்டு இறங்காது. அவ்வளவு ஏக்கம் பாவம் அவனுக்கு.

வரன் வராமல் இல்லை. வரும். வந்த சூட்டோடு யாரோ ஒரு புண்ணியவான் பெண் வீட்டுக்குப் போன் போட்டு, “பையன் இத்தனை வருஷமா ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கான், காது சுத்தமாக் கேக்காது” என்று சொல்லிவிடுவார். அத்தோடு அந்த இடம் கலைந்துவிடும். இப்படியே மூன்று இடம் போய்விட்டது.

மூன்றாவது இடம் கலைந்த அன்று அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். டெஸ்டிங்கைப் பாதியில் நிறுத்திவிட்டு நாலு பேரும் பந்தலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் மைக் நின்றது. அதை யாரும் அணைக்கவில்லை.

“நம்ம நாலு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். எப்படிவே வெளியே போகுது?” என்றார் வைரமணி.

“மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. யார் காதுலயாவது விழுந்துரும்” என்றான் சங்கிலிபூதம்.

வைரமணி மெதுவாகப் பேசினார். மைக்குக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்து, மற்ற மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகப் பேசினார். தென்னை மரத்துக் குழாய்கள் வழியாக அது பக்கத்து ஊர் வரைக்கும் மெதுவாகக் கேட்டது.

கடைசியில் களவாணியைக் கண்டுபிடித்தது சங்கிலிபூதம்தான். “எல்லாம் இந்தப் போன் பாக்கிற வேலை. நாம பொண்ணு விஷயம் பேசின மறுநாளே எனக்குப் பட்டு வேட்டி விளம்பரம் வந்துச்சு.”

“எனக்குக் குளிக்கிற சோப்பு விளம்பரம்தான் வந்துச்சு” என்றான் பேச்சிமுத்து.

“அப்ப போனுக்கு எல்லாமே தெரியுது” என்றார் வைரமணி.

அந்தக் கணத்தில் முடிவாயிற்று. இனிமேல் நம்பிராசனுக்குப் பெண் தேடுவது பரம ரகசியமாக நடக்க வேண்டும். அதற்கு வாய் பேசாத ஒரு போன் வேண்டும்.

திருநெல்வேலி ஜங்ஷனில் செல்வின் என்று ஒரு பையன் செல்போன் கடை வைத்திருக்கிறான். கூகுளை எடுத்துவிட்ட போன் அவனிடம் கிடைக்கும். நாலு பேரும் போனார்கள். செல்வின் ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“கூகுளை எடுத்துட்டேன்னு சொல்லுறீங்களே, எடுத்ததை எங்க வச்சிருக்கீங்க? பின்னாலயே வந்துராதே?” என்று பேச்சிமுத்து கடைக்குள் எட்டிப் பார்த்தான்.

செல்வின் பொறுமைசாலி. “வராது அண்ணே. இதுல நீங்களாப் போட்டாத்தான் ஆப்பு. போடுறதுக்கு முன்னாடி அதைச் செஞ்சது யாருன்னு விசாரிச்சுக்கோங்க. போட்ட பிறகு அது மைக்கு, கேமரா, போன்ல இருக்கிற நம்பர்னு ஒவ்வொண்ணுக்கா அனுமதி கேக்கும். எதுக்குக் கேக்குதுன்னு பாருங்க. அவசியம் இல்லேன்னா வேண்டாம்னு அமுக்கிருங்க. நீங்க எந்த இடத்துல இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியவே வேண்டாம். நம்பர் விஷயத்துல கவனமா இருங்க. அது அடுத்தவங்களோடது, அவங்களைக் கேக்காம நாம தூக்கிக் கொடுக்கக் கூடாது. உங்களைப் பத்திக் கேட்டாலும் தேவைக்கு மேல ஒரு விவரமும் கொடுக்காதீங்க” என்றான்.

பையன் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. நான்கூட அதைக் கேட்டு நாலு விஷயம் கற்றுக்கொண்டேன். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு போனவர்கள் நம்ம ஆட்கள்.

சோதனை பஸ்ஸிலேயே ஆரம்பித்தது. கண்டக்டர் வந்து, “எங்க போகணும்?” என்றார். போன் வைரமணி மடியில் இருந்தது. போனுக்கு முன்னால் ஊர் பேரைச் சொல்ல முடியுமா? வைரமணி உதட்டை மடித்துக்கொண்டு கையை முன்னால் நீட்டிக் காட்டினார்.

“கடைசி ஸ்டாப்பா?”

வைரமணி எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டினார். தும்பைக்குறிச்சி வந்தது. நாலு பேரும் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பஸ் கடற்கரை வரைக்கும் போய் நின்றது. அங்கே இறங்கி, கொதிக்கிற வெயிலில், போனைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பி நடந்தார்கள்.

“போனு இப்ப நல்லாக் குழம்பிப் போயிருக்கும்” என்றான் சங்கிலிபூதம், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

அடுத்து ஆப்பு. கல்யாணத்துக்கென்று ‘நல்ல இடம்’ என்று ஒன்று இருந்தது. அதைச் செய்தது திண்டுக்கல் பக்கம் ஒரு பையன் என்று போட்டிருந்தது. விசாரிக்கச் சொல்லியிருக்கிறானே செல்வின்! சங்கிலிபூதமும் பேச்சிமுத்துவும் பஸ் ஏறிப் போனார்கள். பையன் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் கேட்டு, கோயில் பூசாரியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

“பையன் தங்கம் அண்ணாச்சி. பீடி, சிகரெட் கிடையாது. அம்மாவைக் கோயிலுக்கு வண்டியில கூட்டிட்டுப் போறான்” என்றான் சங்கிலிபூதம்.

“கல்யாணம் ஆயிருச்சா?”

“ஆகலை.”

“தனக்கு ஒரு பொண்ணு பாத்துக்கத் தெரியாதவன் செஞ்ச ஆப்பு, நம்ம நம்பிராசனுக்கு எப்படிவே பாக்கும்?” என்றார் வைரமணி.

“அப்படி இல்லை அண்ணாச்சி. சமையல்காரன் முதல் பந்தியில உக்காந்து திங்கானா? எல்லாரையும் சாப்பிட வச்சுட்டுக் கடைசியிலதானே திங்கான்” என்றான் பேச்சிமுத்து. அதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஆப்பு போனில் ஏறியது.

திறந்ததும் முதலில் மைக்கைக் கேட்டது. மைக் விஷயத்தில் இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கிறதை வைரமணி போனிடமும் கேட்டார். “என்ன விசேஷம்? எத்தனை மணி வரைக்கும் ஓடும்? போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லியாச்சா?”

போன் பதில் சொல்லவில்லை.

“வாயைத் திறக்காத பார்ட்டிக்கு மைக் கொடுத்து நாம பட்டது போதும்” என்று ‘வேண்டாம்’ என்பதை அமுக்கினார். கேமராவுக்கும் வேண்டாம். இடத்துக்கும் வேண்டாம். அடுத்ததாக அது போனில் இருக்கிற நம்பர்களைக் கேட்டது.

“இது நாம முடிவு பண்ணுற விஷயம் இல்லை. நம்பர் அவங்கவங்களோடது. கேக்காம கொடுக்கக் கூடாதுன்னு செல்வின் சொல்லியிருக்கான்” என்றான் நம்பிராசன்.

“அப்ப கேட்டுருவோம்” என்றார் வைரமணி.

ஒரு காரியத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்துக்கொண்டு நாலு பேரும் வீடு வீடாக ஏறினார்கள். “நம்ம நம்பிராசனுக்கு ஆப்பு மூலமா ரகசியமாப் பொண்ணு பாக்கிறோம். யாருக்கும் தெரியாது. அது உங்க நம்பரைக் கேக்குது. கொடுக்கலாமா?”

மேலத்தெரு முடிந்து கீழத்தெருவில் பாதி வந்தபோது பேச்சிமுத்து நின்றான். “அண்ணாச்சி, ரகசியம், ரகசியம்னு எல்லார் வீட்டுலயும் சொல்லிட்டு வாறோமே?”

வைரமணி தாம்பாளத்தை இடுப்பில் சாய்த்துக்கொண்டு யோசித்தார். “ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிட்டா, அதுக்குப் பிறகு எவன் எவன்கிட்டப் போய்ச் சொல்ல முடியும்?”

மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை. மீதி வீடுகளிலும் ஏறி இறங்கினார்கள். எல்லோரும் சரி என்றார்கள். டீக்கடை மாஸ்டர் மட்டும், “இந்த நம்பர் எங்க மாமனாருக்குத் தெரியாது, அது அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். ஆகவே அதற்கும் ‘வேண்டாம்’ என்றே அமுக்கினார்கள்.

இருந்தாலும் வைரமணிக்கு மனசு ஆறவில்லை. ஊரைக் கூட்டி அம்மன் கோயிலில் சூடம் கொளுத்தச் செய்தார். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. வெளியூரில் இருந்து யார் வந்து கேட்டாலும் நம்பிராசனைப் பற்றி ஒரு விவரமும் தர மாட்டோம், அப்படி ஒரு ஆளே ஊரில் இல்லை என்று ஒவ்வொருவராக வந்து அணைத்தார்கள். பாதிப் பேர் விளையாட்டுக்கு அணைத்தார்கள், பாதிப் பேர் அவன்மேல் இருந்த பிரியத்தில் அணைத்தார்கள். போன் போட்டுக் கலைக்கிற அந்தப் புண்ணியவானும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து அணைத்துவிட்டுப் போயிருப்பார். நம்பிராசனும் அணைத்தான். அவனும் ஊர்க்காரன்தானே.

இனி மாப்பிள்ளை விவரம். ஆப்பு உயரம் கேட்டது, எடை கேட்டது, படிப்பு, பொழுதுபோக்கு, பிடித்த சாப்பாடு என்று கேட்டுக்கொண்டே போனது.

“பேரும் ஊரும் கொடுப்போம். பொண்ணு வீட்டுக்காரங்க வழி தேடி வரணும்லா. மத்ததெல்லாம் தேவைக்கு மேல” என்றார் வைரமணி. கேமரா இல்லாததால் படமும் இல்லை. நம்பிராசன், தும்பைக்குறிச்சி. அவ்வளவுதான்.

மருதங்கால் என்கிற ஊரில் பொன்ராணி என்று ஒரு பெண். சொந்தமாகத் தையல் கடை நடத்துகிறாள். அவள் அந்த ஆப்பைப் புரட்டிக்கொண்டே வந்து நம்பிராசன் விவரம் இருந்த இடத்தில் நிறுத்தினாள்.

“அப்பா, இதுல இருக்கிற அத்தனை பேரும் ஆறடி, அமைதியான குணம்னு எழுதி வச்சிருக்கான். இந்த ஒருத்தர்தான் பொய்யே சொல்லலை.”

“அவர் ஒண்ணுமே சொல்லலையேம்மா” என்றார் அவள் அப்பா ஆறுமுகநயினார்.

“அதைத்தான் நானும் சொல்லுதேன்.”

அவள் விருப்பம் தெரிவித்ததும் அவள் படம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரிக்கிற படம். அதைப் பார்த்த நாளிலிருந்து நம்பிராசன் சரியாகச் சாப்பிடவில்லை. “ஹலோ” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு இரண்டாவது ஹலோவை மறந்துவிட்டு நிற்பான். இந்த இடம் மட்டும் கை நழுவினால் உயிரையே விட்டுவிடுவான் போல இருந்தது.

பெண் வீட்டார் நேராக வீட்டுப் படி ஏற மாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குள் வந்து, டீக்கடை, சலூன், பலசரக்குக் கடை என்று நாலு இடத்தில் பையனைப் பற்றி விசாரிப்பார்கள். அதுதான் முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகநயினாரும் பொன்ராணியும் ஆட்டோவில் வந்து டீக்கடையில் இறங்கினார்கள்.

“நம்பிராசனா?” என்று மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லையே சார்.”

பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை இறக்காமலேயே, இல்லை, இல்லை என்றார்கள். அடுத்து சலூன். “நான் இந்த ஊர்ல எல்லாத் தலையும் பாத்தவன். அந்தத் தலை இங்க கிடையாது” என்றார் முடிவெட்டுகிறவர். பலசரக்குக் கடையில் அந்தப் பேரையே முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி, “எப்படி, எப்படி, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார்கள்.

சுற்றிச் சுற்றி இரண்டு பேரும் கோயில் பந்தலுக்கு வந்தார்கள். நம்பிராசன் ஏணிமேல் நின்று அடுத்த விசேஷத்துக்குக் குழாய் கட்டிக்கொண்டிருந்தான். மற்ற மூன்று பேரும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும் அவனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. மெல்ல இறங்கி வந்தான்.

“தம்பி, இங்க நம்பிராசன்னு ஒருத்தர் இருக்காராமே?” என்றார் ஆறுமுகநயினார்.

நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் சூடம் அணைத்த கை. “அப்படி யாரும் இல்லையே அண்ணாச்சி. நானும் பிறந்ததுல இருந்து இந்த ஊர்தான்” என்றான். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பொன்ராணி அவனை உற்றுப் பார்த்தாள். “உங்க பேரு என்ன?”

“தேவைக்கு மேல விவரம் கொடுக்கிறதில்லைங்க.”

அவள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறுமுகநயினார் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“எத்தனையோ ஊர்ல மாப்பிள்ளை விசாரிச்சிட்டேன் தம்பி. ஒரு ஊர்ல குடிகாரன்ம்பாங்க, ஒரு ஊர்ல சீட்டாடுறான்ம்பாங்க. இந்த ஊர்லதான் ஒருத்தர் வாயில இருந்தும் ஒரு குறை வரலை. ஆள் இல்லைங்கிற ஒண்ணைத் தவிர அந்தப் பையன்கிட்ட வேற குறையே கிடையாது. ஆள் மட்டும் கிடைச்சுட்டா இன்னைக்கே பேசி முடிச்சிருவேன்.”

நம்பிராசன் வைரமணியின் கையைப் பிடித்துப் பந்தல் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனான். “அண்ணாச்சி, நான்தான்னு சொல்லிக்கிடுதேன். கெஞ்சிக் கேக்குதேன்.”

நாலு பேரும் தலையைச் சேர்த்து யோசித்தார்கள். வழிகாட்டுதலுக்காக வைரமணி போனை வெளியே எடுத்தார். ஆப்பு விடாமல் மறுபடியும் மைக்கைக் கேட்டுக்கொண்டு நின்றது. இத்தனை நாளும் ‘வேண்டாம்’ என்பதையே தேடி அமுக்கினார்களே தவிர, அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் படித்தார்கள். ‘எப்போதும்’ என்று ஒன்று இருந்தது. ‘இந்த முறை மட்டும்’ என்று ஒன்று இருந்தது.

“எப்போதும்னு கொடுத்தா ஆபத்து” என்றான் சங்கிலிபூதம்.

“சத்தியம் வாங்கினது நாமதான். நாம பாத்து விலக்குக் கொடுக்கலாம்” என்று வைரமணி தீர்ப்புச் சொன்னார். “நம்பிராசா, உனக்கு இந்த முறை மட்டும்.”

நம்பிராசன் ஓடி வந்து ஆறுமுகநயினார் முன்னால் நின்றான். “நான்தான் நம்பிராசன்.”

ஆறுமுகநயினார் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “அப்பாடா. அப்ப நம்பிராசன் மாப்பிள்ளை, வைகாசியிலேயே வச்சுக்கலாமா?”

நம்பிராசன் திரும்பி வைரமணியைப் பார்த்தான். வைரமணி தலையை இடமும் வலமும் ஆட்டினார். அந்த முறை முடிந்துவிட்டது.

“யாரைக் கேக்கிறீங்க அண்ணாச்சி? அப்படி யாரும் இங்க இல்லையே” என்றான் நம்பிராசன்.

“இப்பதானே தம்பி இங்க நின்னாரு?”

“நின்னாரு. நானும் பாத்தேன். இப்பக் காணோம்” என்று சங்கிலிபூதம் ஒத்துக்கொண்டான்.

காணாமல் போன ஆளைத் தேடுவது இவர்களுக்குக் கைவந்த வேலை. திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் எல்லோரும் இவர்களிடம்தானே ஓடி வருகிறார்கள். நம்பிராசனே மைக்கைப் பிடித்தான். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவனுக்கு இருக்கிற அவசரம் வேறு யாருக்கு இருக்கும்? “தும்பைக்குறிச்சியைச் சேர்ந்த நம்பிராசன் எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும். உங்களுக்காகப் பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள்” என்று குரல் தழுதழுக்க அறிவித்தான். ஒரு தடவை அல்ல, தொண்டை வறள்கிற மட்டும். யாரும் வரவில்லை.

பொன்ராணி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அந்த நம்பிராசன் கிடைக்கலேன்னா போகட்டும்பா. மைக்ல பேசுறாரே, இவரையே முடிச்சிருங்க.”

“இவரைப் பத்தி நாம விசாரிக்கலையேம்மா?”

“பேரே தெரியாத ஆளைப் பத்தி யார்கிட்டப்பா விசாரிக்கிறது?”

“அதுவும் சரிதான்” என்றார் ஆறுமுகநயினார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நம்பிராசனுக்கு மைக்கை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் நம்பிராசனை நினைத்தால் பாவமாக இருந்தது. “அது நம்பிராசனுக்கு வந்த பொண்ணுங்க. அவனுக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன்” என்றான். ஊர் முழுக்க அது கேட்டது.

வைரமணி அவன் தோளில் கை போட்டார். “அவன்தான் இந்த ஊர்லயே இல்லையேவே. இல்லாதவன் எப்படி வருத்தப்படுவான்?”

நம்பிராசன் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டான். முதல் பத்திரிகையை நம்பிராசனுக்குத்தான் வைக்க வேண்டும்.

பத்திரிகை அடித்து வந்தது. மாப்பிள்ளை பேர் இருக்க வேண்டிய இடத்தில் ‘விவரம் தரப்படாது’ என்று பொன் எழுத்தில் போட்டிருந்தார்கள். நம்பிராசன் குளித்து, பட்டு வேட்டி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டினான். அவன் அம்மாதான் வந்து திறந்தாள்.

“நம்பிராசன் இருக்காரா?” என்று கேட்டான்.

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “அப்படி யாரும் இந்த வீட்டுல இல்லையே தம்பி” என்றாள்.

“வந்தாக் கொடுத்துருங்க” என்று பத்திரிகையை அவள் கையில் கொடுத்தான். நேரமும் மத்தியானம் ஆகிவிட்டது, அவளும் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நம்பிராசன் வரட்டும் என்று ராத்திரி வரைக்கும் அங்கேயே காத்திருந்துவிட்டுத்தான் போனான்.